கோட்டைக் கோயில் ஊரைப் பார்ப்பது எப்படி? சென்னையிலிருந்து டிரான்சில்வேனியா போகிறவர்களுக்கு

ருமேனியாவின் நடுப்பகுதியில், கார்ப்பாத்திய மலைகள் வளைத்துக்கொண்ட மேட்டுநிலம் டிரான்சில்வேனியா. மதிலும் காவல் கோபுரமும் சூழக் கட்டிய கிராமத்துக் கிறித்தவக் கோயில்கள் அங்கே இன்றும் நூற்றைம்பதுக்குக் குறையாமல் நிற்கின்றன. யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை ஏழு ஊர்கள். பியர்தான் 1993-இல் சேர்ந்தது. ப்ரெஷ்மெர், விஸ்க்ரி, சாஸ்கிஸ், கல்னிக், வாலியா வீலோர், தர்ஜியு ஆறும் 1999-இல் சேர்ந்தன.

இங்கிருந்து போகிறவர்கள் செய்யக்கூடிய பெரிய தவறு, ஏழையும் மூன்று நாளில் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடுவது. அப்படிப் போனால் ஏழு மதில்களின் படம் போனில் மிஞ்சும், ஊர் ஒன்றும் மனதில் நிற்காது. இந்தக் கோயில்கள் கும்பிடும் இடமாக மட்டும் இருந்தவை அல்ல. ஊரின் தானியக் களஞ்சியம், பள்ளிக்கூடம், பஞ்சாயத்து மேடை, படை வந்தால் ஒளியும் இடம் எல்லாமே அந்த மதிலுக்குள்தான். ஊரைப் பார்க்காமல் கோயிலைப் பார்ப்பது, பூட்டைப் பார்க்காமல் சாவியை மட்டும் பார்ப்பது மாதிரி. ஆகவே ஒரே ஊரில் இரண்டு இரவு தங்குங்கள். மற்ற ஒன்றிரண்டு ஊர்களைப் பகலில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்கை வைத்துத்தான்.

கிளம்புமுன் புனித ஜார்ஜ் கோட்டையில் ஒரு காலை

கண்ணைப் பழக்கிக்கொள்ளச் சென்னையிலேயே இடம் இருக்கிறது. கோட்டைக்குள் உள்ள புனித மேரி ஆலயத்துக்கு அடையாள அட்டையோடு ஒரு காலை போங்கள். 1678-இல் அடிக்கல் நாட்டி, 1680 அக்டோபர் 28 அன்று பிரதிஷ்டை செய்த கட்டடம் அது. வெளிச்சுவர் 4 அடி கனம், மேலே வளைவுக் கூரை 2 அடி கனம். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கவேண்டும் என்று கட்டியது. கூரையில் மர உத்தரம் கிடையாது, எரிவதற்கு ஒன்றும் இல்லை. ஜன்னல் ஓரத்தில் நின்று சுவரின் கனத்தை உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை கையால் சாண் போட்டுப் பாருங்கள். டிரான்சில்வேனியாவில் இதையே டேப் வைத்துச் செய்யப் போகிறீர்கள்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கம்பெனி கட்டிய கோட்டை, தன் உள்ளே ஒரு கோயிலைக் காத்தது. அங்கே ராஜாவும் இல்லை, கம்பெனியும் இல்லை. விவசாயிகள் தங்கள் கோயிலையே கோட்டையாக்கிக்கொண்டார்கள். செலவு, கல், ஆள் எல்லாம் ஊர்க்காரர்களுடையவை.

யாருடைய ஊர் இது

12-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹங்கேரி அரசன் இரண்டாம் கெய்சா, எல்லையைக் காக்கவும் நிலத்தைத் திருத்தவும் ரைன் ஆற்றுப் பகுதி, லக்சம்பர்க் பக்கத்து மக்களை இங்கே குடியேற்றினான். எங்கிருந்து வந்தாலும் எல்லோருக்கும் ‘சாக்சன்’ என்ற பெயரே நிலைத்தது. 1224-இல் கிடைத்த அரச சாசனம் அவர்களுக்குத் தன்னாட்சி கொடுத்தது. 1241-இல் மங்கோலியப் படை ஊர்களை அழித்தது. 14-ஆம் நூற்றாண்டின் முடிவிலிருந்து துருக்கிப் படைகள் திரும்பத் திரும்ப வந்தன. பெரிய நகரங்கள் மதில் கட்டிக்கொண்டன. கிராமத்தில் கல்லால் கட்டிய கட்டடம் என்று இருந்தது கோயில் ஒன்றுதான். அதைச் சுற்றியே மதில் எழுந்தது.

1540-களில் யோஹானஸ் ஹொன்டெருஸ் பிரஷோவ் நகரில் தொடங்கிய கிறித்தவச் சபைச் சீர்திருத்தத்தைத் தொடர்ந்து சாக்சன்கள் லுத்தரன் ஆனார்கள். நம் தமிழ் லுத்தரன்களுக்கு இது அந்நியமான சபை அல்ல. ஞானப்பாட்டு, பலிபீடம், பிரசங்க மேடை எல்லாம் தெரிந்த ஒழுங்கில்தான் இருக்கும். சென்னை லுத்தரன் ஆலயம் ஒன்றுக்கு ‘அடைக்கலநாதர்’ என்று பெயர். அந்தச் சொல்லைக் கல்லில் கட்டினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இந்தக் கோயில்கள்.

சாக்சன்கள் மட்டுமே வாழ்ந்த ஊர்கள் அல்ல இவை. ஆர்த்தடாக்ஸ் ருமேனியர்கள், ஹங்கேரியர்கள், ரோமா மக்கள் எல்லோருக்கும் இங்கே வீடு, தெரு, கோயில், இடுகாடு உண்டு. தர்ஜியு சாக்சன் ஊரே அல்ல. ஹங்கேரிய மொழி பேசும் செக்லர்களின் ஊர்; சபை, கடவுள் மூவொருவர் என்பதை ஏற்காத யூனிட்டேரியன் சபை. 1945 ஜனவரியில் ருமேனியாவிலிருந்து சுமார் 70,000 ஜெர்மானியர்களைச் சோவியத் நாட்டுக்கு வேலை முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு கம்யூனிஸ்ட் அதிபர் செளஷெஸ்குவின் ஆட்சி, தலைக்கு இவ்வளவு என்று மேற்கு ஜெர்மனியிடம் பணம் வாங்கிக்கொண்டு ஆட்களை அனுப்பியது. ஆட்சி கவிழ்ந்த பின் 1990 என்ற ஒரே ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியர் நாட்டைவிட்டுப் போனார்கள். இன்று பல ஊர்களில் சாக்சன் குடும்பம் விரல்விட்டு எண்ணும் அளவே. கோயில் ஒரு மக்களுடையது, ஊரில் இருப்பவர்கள் வேறு மக்கள் என்ற நிலை. அதனால் ‘இங்கே யாரும் இல்லை, காலியான ஊர்’ என்று மட்டும் அங்கே சொல்லிவிடாதீர்கள். ஊர் நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அது சொந்த ஊர்தான்.

ஒவ்வோர் ஊருக்கும் மூன்று பெயர். விஸ்க்ரி ருமேனியப் பெயர், ஜெர்மனில் டாய்ச்வைஸ்கிர்ஷ், ஹங்கேரியத்தில் சாஸ்ஃபெஹெரெக்ஹாசா. மூன்றுக்குள்ளும் இருப்பது ஒரே பொருள்: வெள்ளைக் கோயில். ப்ரெஷ்மெருக்கு ஜெர்மனில் தார்ட்லாவ், பியர்தானுக்கு பிர்தெல்ம். பழைய வரைபடமும் ஜெர்மன் நூல்களும் ஜெர்மன் பெயரைச் சொல்லும். பஸ், ரயில், போன் வரைபடம் எல்லாம் ருமேனியப் பெயரில் ஓடும். மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விசா, டிக்கெட், பெட்டி

2025 ஜனவரி 1 முதல் ருமேனியா முழு ஷெங்கன் நாடு, அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளில் ஒன்று. ஆகவே எடுக்கவேண்டியது ஷெங்கன் விசா. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் 45 யூரோ, 6 வயதுக்குக் கீழ் கட்டணம் இல்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து மனுப் போடலாம். கடைசிக் கெடு 15 நாள். ஆனால் இரண்டு மாதத்துக்குக் குறைவாக வைத்துக்கொள்ளாதீர்கள். பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுக்குள் வாங்கியதாக இருக்கவேண்டும். திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாகவேண்டும். இரண்டு பக்கமாவது காலியாக இருக்கவேண்டும். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக்கூடாது. அதிக இரவுகள் எந்த நாட்டிலோ அந்த நாட்டுத் தூதரகத்தில் மனுப் போடவேண்டும். ருமேனியாவில் ஐந்து இரவு, வியன்னாவில் இரண்டு என்றால் ருமேனியா.

சிக்குவது தங்குமிடச் சான்றில். கிராமத்து வீடுகளில் தங்கும்போது பல இடங்களில் பதிவு என்பது ‘வாருங்கள்’ என்ற ஒரு வரிச் செய்திதான். விசா அதிகாரிக்கு அது போதாது. பெயர், பாஸ்போர்ட் எண், வந்து போகும் தேதி, முழு முகவரி எல்லாம் போட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லி வீட்டுக்காரரிடம் முன்னாலேயே கேட்டு வாங்குங்கள். பயணத் திட்டத்தில் எழுதிய ஊரும் அந்த மின்னஞ்சலில் உள்ள ஊரும் ஒரே பெயரில் இருக்கட்டும். ஒன்றில் ஜெர்மன் பெயர், மற்றதில் ருமேனியப் பெயர் என்றால் குழப்பம் வரும்.

சென்னையிலிருந்து தலைநகர் புக்கரெஸ்டுக்கு நேர் விமானம் இல்லை. தோஹா, துபாய், ஃபிராங்க்ஃபர்ட் ஏதாவது ஒரு வழியாகப் போகவேண்டும். ஃபிராங்க்ஃபர்ட் வழி என்றால் குடிவரவுச் சோதனை அங்கேயே முடியும். இடையில் மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். புக்கரெஸ்ட் ஓத்தோபெனி விமான நிலையத்திலிருந்து கர டி நோர்ட் நிலையத்துக்கு ரயில் உண்டு. அங்கிருந்து பிரஷோவ் 166 கிலோமீட்டர், இரண்டரை முதல் மூன்று மணி நேரம். ரயில் பிரஹோவா பள்ளத்தாக்கில் ஏறிப் போகும்.

நாணயம் லேய், யூரோ அல்ல. கிராமத்தில் ஏடிஎம் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரஷோவிலோ சிகிஷோவாராவிலோ எடுத்து, 5, 10, 20 லேய் நோட்டாக மாற்றி வையுங்கள். நுழைவுச் சீட்டு கொடுக்கும் பாட்டியிடம் 200 லேய் நோட்டை நீட்டினால் இருவருக்கும் சங்கடம்.

கார் ஓட்டுவதாக இருந்தால் ஆர்டிஓ அலுவலகத்தில் படிவம் 4ஏ கொடுத்து 1,000 ரூபாய் கட்டி, சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள். ஒரு வருடம் செல்லும். ஓட்டுவது சாலையின் வலப்பக்கம். தேசிய நெடுஞ்சாலைக்கு ‘ரோவினியெத்தா’ என்ற சாலைவரி உண்டு. வாடகைக் காருக்குக் கட்டியிருக்கிறதா என்று சாவி வாங்கும்போதே கேளுங்கள். ஓட்டுகிறவர் ஒரு சொட்டு மதுகூடத் தொடக்கூடாது, சட்டத்தில் தளர்வே இல்லை. விருந்து கொடுக்கிறவர் பிளம் சாராயம் ஊற்றும்போது இது நினைவில் இருக்கட்டும்.

பெட்டியில் என்ன வைக்கலாம் என்பதில் நம்மவர்கள் மாட்டிக்கொள்வது அதிகம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக்கூடாது. நெய், பால்கோவா எல்லாம் இதில் வரும். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. செடி, இலை, பழத்துக்குத் தாவரச் சுகாதாரச் சான்று வேண்டும். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் பொடி, அப்பளம், காப்பிப் பொடி தாராளமாகப் போகலாம். வீட்டுக்காரருக்குக் காப்பிப் பொடி நல்ல அன்பளிப்பு.

மே கடைசி முதல் ஜூன் முடிய, அல்லது செப்டம்பர் போங்கள். ஜூனிலும் இரவில் ஸ்வெட்டர் வேண்டும். கோயிலுக்குள் நம் குளிர்சாதன அறையைவிடச் சில்லென்று இருக்கும். நவம்பருக்குப் பிறகு பல கோயில்கள் பூட்டியே கிடக்கும். அங்கே கோடையில் மணி நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால்; வீட்டுக்குப் போன் பேசும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த ஊரில் தங்குவது

கார் இல்லையென்றால் சாஸ்கிஸ். சிகிஷோவாராவிலிருந்து பிரஷோவ் போகும் நெடுஞ்சாலை ஊரின் நடுவே போகிறது, பஸ் கிடைக்கும். கோயில் தெருவில் இருக்க, ஊர்க்காரர்கள் ஒளிந்த கோட்டை தனியாகக் குன்றின் மேல் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் நடந்து பார்க்கலாம்.

கார் இருந்தால் விஸ்க்ரி. நெடுஞ்சாலையில் புனெஷ்த் ஊரிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே. சில நூறு பேர் வாழும் சின்ன ஊர். வண்டியை ஊர் முகப்பில் நிறுத்திவிட்டு நடங்கள். மன்னர் சார்லஸ் இளவரசராக இருந்தபோது 2006-இல் இங்கே வீடு வாங்கியதால் கோடை வார இறுதிகளில் கூட்டம் மொய்க்கும். திங்கள் முதல் வியாழனுக்குள் இரண்டு இரவு எடுத்தால் ஊர் உங்களுக்கே.

பிரஷோவில் தங்கி அரைநாள் மட்டுமே இருக்கிறது என்றால் ப்ரெஷ்மெர், 20 கிலோமீட்டருக்குள். மதிலைப் படிக்க அதைவிட நல்ல பாடம் இல்லை. பியர்தான் பெரியது, அழகானது. 1572 முதல் 1867 வரை சாக்சன் பிஷப்பின் ஊர். ஆனால் சுற்றுலா பஸ்கள் நிற்கிற ஊர். காலை முதல் ஆளாகப் போய்விடுங்கள்.

மதிலை வெளியிலிருந்து உள்ளே படிப்பது

உள்ளே ஓடாதீர்கள். முதலில் மதிலைச் சுற்றி ஒரு முறை வெளியே நடங்கள், முடிந்தால் காலை ஒன்பதுக்கு முன் அல்லது மாலை ஐந்துக்குப் பின். சாய்ந்த வெயிலில்தான் சுவரின் தழும்புகள் தெரியும். கையில் 5 மீட்டர் டேப், டார்ச், பென்சில், கோடில்லாத நோட்டு. டிரோன் வேண்டாம், அனுமதிச் சிக்கல் தனி.

மூன்று விஷயத்தைத் தேடுங்கள். ஒன்று, கல் மாறும் கோடு. கீழே ஆற்றுக்கல்லும் கரட்டுக்கல்லும், மேலே செங்கல் என்றால், மதிலை ஒரு தலைமுறை உயர்த்தியிருக்கிறது. இரண்டு, புழைகள். மதில் துளைக்குப் புழை என்றும், மதில் முகப்பின் மறைப்புக்கு ஞாயில் என்றும் பழந்தமிழில் சொல் உண்டு. இங்கே அவை இரண்டும் கண்முன் நிற்கும். ஒடுங்கி நெடுக்காக இருந்தால் அம்புக்கு. அடியில் வட்டத் துளை சேர்ந்து சாவித் துளை போல இருந்தால் துப்பாக்கிக்கு. ஒரே மதிலில் இரண்டும் இருந்தால், ஆயுதம் மாறியபோது மதிலும் மாறியது என்று பொருள். வெளியே நாலு விரல் அகலம் இருக்கும் துளை, உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு ஆள் தோளோடு நுழையும் அளவு விரிந்திருக்கும். வில்லைப் பக்கவாட்டில் திருப்ப அந்த இடம் வேண்டும். மூன்று, மேலே சுவரைவிட்டு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் சின்னப் பெட்டிகள். அதன் நேர் கீழே போய் நின்று அண்ணாந்து பாருங்கள். அடிப்பகுதி திறந்திருக்கும். கல்லும் கொதிக்கும் நீரும் அங்கிருந்துதான் தலையில் விழுந்தன. பெரும்பாலும் வாசலுக்கு நேர் மேலே இருக்கும், காரணம் சொல்லவேண்டியதில்லை.

ப்ரெஷ்மெரில் வாசல் என்பது சுமார் 30 மீட்டர் நீளமுள்ள வளைவுச் சுரங்கம். நடுவில் இரும்பு முனை வைத்த இறக்கு கதவு. அதைத் தாண்டி வெளிச்சத்துக்கு வந்ததும் நின்றுவிடுங்கள். சுற்றிலும் வட்டமாகச் சுமார் 12 மீட்டர் உயர மதில். அதன் உட்புறம் முழுக்கத் தேன்கூடு மாதிரி அறைகள், நான்கு அடுக்கு வரை, மொத்தம் சுமார் 270. மரப்படி, மர நடை, சின்னக் கதவு, கதவின் மேல் கையால் எழுதிய எண். அந்த எண் ஊரில் உள்ள வீட்டு எண். 47-ஆம் வீட்டுக்கு 47-ஆம் அறை. சமாதான காலத்தில் தானியமும் பெட்டியும் அங்கே கிடக்கும். படை வந்தால் குடும்பம் முழுவதும் அங்கே. எந்த வீட்டுக்கு எங்கே இடம் என்பதில் சண்டைக்கு வழியில்லாமல் முன்னாலேயே தீர்த்துவைத்த ஏற்பாடு இது. மதிலை விட இந்த எண்கள்தான் அந்த ஊரைக் காப்பாற்றின என்பது எங்கள் கருத்து.

ஓர் அறைக்குள் குனிந்து போய் நின்று அளந்து பாருங்கள். எத்தனை பேர் படுக்கலாம், தண்ணீர் எங்கிருந்து வரும், புகை எங்கே போகும்? தண்ணீருக்கு விடை வாலியா வீலோரில் கிடைக்கும்: அங்கே கிணறு கோயிலுக்குள்ளேயே, பலிபீடப் பகுதியில் இருக்கிறது.

மரப்படிகள் பழையவை, தாழ்வாரம் தாழ்ந்தது. தலையில் இடித்துக்கொள்வதுதான் அங்கே நடக்கும் முதல் விபத்து. இரண்டாவது, கோபுரத்து ஏணிப்படியில் இறங்கும்போது வழுக்குவது. இறங்கும்போது முகம் படியைப் பார்த்து இருக்கட்டும், பை முதுகில் இருக்கட்டும், கேமரா கழுத்தில் ஆடவேண்டாம். மணிக்கூண்டில் இருக்கும்போது மணி அடிக்கும் நேரத்தைத் தெரிந்துகொண்டு ஏறுங்கள்.

கொழுப்புக் கோபுரம் என்று ஒன்று பல ஊர்களில் உண்டு. பன்றிக்கொழுப்பைப் பாளமாக உப்பிட்டு, குளிர்ந்து காற்றாடும் கோபுரத்தில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். ஒவ்வொன்றிலும் வீட்டின் அடையாளம் இருக்கும். குறித்த நாளில் மட்டும் கதவு திறக்கும், எல்லோரும் ஒன்றாகப் போய் வேண்டிய துண்டை வெட்டிக்கொள்வார்கள். தர்ஜியுவில் சில குடும்பங்கள் இன்றும் அப்படியே வைக்கின்றன. சைவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டாவது ஒரு முறை எட்டிப் பாருங்கள். உணவை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொறுப்பில் வைத்தார்கள் என்பது அங்கே கண்ணுக்குத் தெரியும்.

பழுதைப் பார்க்கவும் பழகிக்கொள்ளுங்கள். 2016 பிப்ரவரியில் ராதெஷ், ரோத்பாவ் என்ற இரண்டு ஊர்களின் கோயில் கோபுரங்கள் சில நாள் இடைவெளியில் இடிந்து விழுந்தன. பொதுவாக இந்தச் சுவர்கள் கெடுவது ஓட்டிலிருந்து தொடங்கும். ஓர் ஓடு நழுவும், மழை உத்தரத்தில் இறங்கும், உத்தரம் உளுக்கும், தண்ணீர் சுவருக்குள் போகும். சுண்ணாம்புச் சுவர் தானாக மூச்சுவிட்டுக் காயும். மேலே சிமெண்ட் பூசிவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, குளிர்காலத்தில் உறைந்து, கல்லைப் பிளக்கும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ, சாம்பல் நிறச் சிமெண்ட் ஒட்டு இருந்தாலோ அதுதான். மதில் உச்சியில் முளைத்த செடியும் அப்படியே. நம் கோபுரத்தில் முளைத்த அரசங்கன்று செய்வதை அங்கே வேறு மரம் செய்கிறது.

கோயிலுக்குள்

தொப்பியைக் கழற்றுங்கள். செருப்பைக் கழற்றவேண்டாம். பெஞ்சுகளைக் கவனியுங்கள்: நடுவில் பெண்களுக்கான பல பெஞ்சுகளுக்குச் சாய்மானம் இருக்காது. மடித்துத் தேய்த்த விழா உடை கசங்கக்கூடாது என்பதற்காக. சில கோயில்களில் அனத்தோலியக் கம்பளம் தொங்கும். மதில் கட்டித் தடுத்த அதே துருக்கி நாட்டோடு வியாபாரமும் நடந்ததற்குச் சாட்சி. பிரஷோவ் கறுப்புக் கோயிலில் இவை பெருந்தொகுப்பாக உள்ளன.

பியர்தானில் ஆராதனைப் பாத்திரங்கள் வைக்கும் அறையின் கதவைக் கேட்டுப் பாருங்கள். ஒரே சாவியைத் திருப்பினால் பத்துக்கும் மேற்பட்ட தாழ்கள் நான்கு பக்கமும் ஒன்றாகப் பாயும் பூட்டு. 1900 பாரிஸ் கண்காட்சி வரை போய் வந்த கதவு. அதே வளாகத்தில், பிரிய நினைத்த கணவன் மனைவியை ஒரே கட்டில், ஒரே தட்டோடு அடைத்து வைத்ததாகச் சொல்லும் அறையும் இருக்கிறது. தர்ஜியுவில் ஹங்கேரி அரசன் புனித லாடிஸ்லாஸ் கதையைச் சொல்லும் 1419-ஆம் ஆண்டுச் சுவரோவியம், பிளாஷ் கூடாது.

தெரு

கோயிலுக்குக் கொடுத்த நேரத்தில் இரண்டு மடங்கு தெருவுக்குக் கொடுங்கள். வீடுகள் கூர்முக்கோண முகப்பைத் தெருவுக்குக் காட்டி வரிசையாக நிற்கும். நீலம், பச்சை, காவி எனச் சுண்ணாம்பு நிறங்கள். முகப்பில் கட்டிய ஆண்டும் சில வீடுகளில் உரிமையாளர் பெயரும் இருக்கும். வீட்டுக்கு வீடு உயரமான மதிலும் வண்டி நுழையும் மரக்கதவும். உள்ளே நீண்ட முற்றம், கடைசியில் குறுக்கே பெரிய களம், அதன் பின்னே பழத்தோட்டம். காரைக்குடி வீட்டைக் குறுக்கிக் கிராமத்தில் வைத்தது போல, வாசலில் நின்றால் பின்வாசல் வரை ஒரே நேர்கோடு.

தெருக்களை ‘நாக்பர்ஷாஃப்ட்’ என்ற அண்டைவீட்டுச் சங்கங்களாகப் பிரித்திருந்தார்கள். கிணறு தூர்வாருவது, கூரை வேய்வது, சாவுக்குக் குழி தோண்டுவது எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. ஒரு மரப்பலகை வீடு வீடாகக் கைமாறும். அதோடு செய்தியும் போகும். பலகையைத் தன்னிடமே வைத்துக்கொண்டவருக்கு அபராதம்.

மாலையில் தெரு முனையில் ஓர் ஓரமாக நில்லுங்கள். மேய்ச்சலிலிருந்து மாடுகள் கூட்டமாக இறங்கி வரும். யாரும் ஓட்டுவதில்லை. ஒவ்வொரு மாடாகத் தன் வீட்டுக் கதவு வந்ததும் கூட்டத்திலிருந்து விலகித் திரும்பும். திறந்திருந்தால் உள்ளே போகும், மூடியிருந்தால் நின்று குரல் கொடுக்கும். வழியில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள், கொம்பைவிடக் கூட்டத்தின் தள்ளு மோசமானது.

வணக்கம் சொல்லாமல் யாரையும் கடக்காதீர்கள். ருமேனியத்தில் ‘புனா ஸீவா’, நன்றிக்கு ‘முல்ட்சுமெஸ்க்’. தர்ஜியுவில் ஹங்கேரியத்தில் ‘யோ நபோட்’. வயதான சாக்சனைக் கண்டால் ‘குட்டன் டாக்’. ரோமா மக்களை ‘ட்சிகான்’ என்று பிறர் சொல்லக் கேட்பீர்கள். அது இழிசொல், நீங்கள் ‘ரோமா’ என்றே சொல்லுங்கள். அவர்களின் முன்னோர் ஆயிரம் ஆண்டுக்கு முன் இந்தியாவிலிருந்து போனவர்கள். ரோமானி மொழியில் எண்ணச் சொன்னால் யேக், தூய், த்ரின், ஷ்தார், பாஞ்ச் என்று வரும். பாஞ்ச் நம் பஞ்சாங்கத்தில் உள்ள பஞ்ச. இந்தியாவிலிருந்து வருகிறோம் என்றதும் பேச்சு தானாக நீளும். அவர்கள் வீட்டுப் படம், குழந்தைப் படம் கேட்காமல் எடுக்காதீர்கள். உடைந்த வீட்டைத் தேடித் தேடிப் படம் பிடிப்பதும் வேண்டாம்.

சைவச் சாப்பாடு

இதற்கு அங்கே ஒரு மந்திரச் சொல் இருக்கிறது: ‘டெ போஸ்ட்’. ஆர்த்தடாக்ஸ் விரதச் சாப்பாடு என்று பொருள். இறைச்சி, முட்டை, பால் எதுவும் இராது. ‘வெஜிடேரியன்’ என்று சொன்னால் சிலர் கோழி சூப்பிலிருந்து கோழியை மட்டும் எடுத்துவிட்டு வைப்பார்கள். ‘டெ போஸ்ட்’ என்றால் வீட்டம்மாவுக்கு உடனே புரியும். ஆண்டில் பல வாரம், புதன் வெள்ளிகளில் அவர்களே அப்படிச் சமைப்பவர்கள். விரதத்தின் சில நாளில் மீன் அனுமதி உண்டு. மீன் வேண்டாம் என்பதற்கு ‘ஃபெரெ பெஷ்தெ’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

மமலிகா என்பது மக்காச்சோளக் களி; பருப்புப் பொடி தூவிச் சாப்பிட்டால் ஊர் நினைப்பு வராது. ஸாகுஸ்கா சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும் எண்ணெயில் வதக்கிய தொக்கு, வீட்டுக்கு வீடு ருசி மாறும். பால் சேர்ப்பவர்களுக்குத் தயிரும் பாலாடையும் எங்கும் கிடைக்கும். இரவுச் சாப்பாட்டைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள். ஊரில் ஹோட்டல் இராது, கடை சீக்கிரம் மூடும்.

நடையும் நாயும்

ஊருக்கு ஊர் மேய்ச்சல் வழியாக நடக்கலாம். 1,400 கிலோமீட்டர் நீளமுள்ள வியா டிரான்சில்வானிக்கா நடைபாதை சாக்சன் நிலம் வழியாகவும் போகிறது. ஆட்டுமந்தை கண்ணில் பட்டால் தூரத்திலேயே சுற்றிப் போங்கள். காவல் நாய்கள் ஓநாயையும் கரடியையும் எதிர்க்கப் பழகியவை. வந்துவிட்டால் ஓடாதீர்கள், கம்பை ஓங்காதீர்கள். நின்று, மேய்ப்பருக்குக் குரல் கொடுத்து, நாயைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்னால் நகருங்கள். புல்லில் நடந்த அன்று இரவு முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் நுண்ணிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கவேண்டும். எண்ணெய் தடவுவதும் நெருப்பு வைப்பதும் கூடாது. சில வாரத்துக்குள் அந்த இடத்தில் வட்டமாகச் சிவந்தால் மருத்துவரிடம் போங்கள். அவசரத்துக்கு எண் 112.

சாவி

யுனெஸ்கோ பட்டியலில் இல்லாத ஊர்களுக்குப் போனால், கோயில் பூட்டியிருப்பது சாதாரணம். பூட்டைப் பார்த்துத் திரும்பி வந்துவிடாதீர்கள். வாசல் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், அதில் போன் எண்ணோ வீட்டு எண்ணோ இருக்கும். வீட்டு எண் தெரு வரிசையில் இல்லாமல் ஊர் முழுக்க ஒரே வரிசையில் ஓடலாம். கண்ணில் படுகிறவரிடம் ‘உந்தெ யெஸ்தெ கேயா?’ என்று கேளுங்கள். சாவி எங்கே என்று பொருள். சில இடத்தில் சாக்சன் மூதாட்டியிடம் இருக்கும், சில இடத்தில் ருமேனியர் வீட்டிலோ ரோமா வீட்டிலோ இருக்கும். மதிய ஒன்றிலிருந்து மூன்று வரை கதவைத் தட்டாதீர்கள். ஞாயிறு காலை ஆராதனை இருந்தால் முடியும்வரை வெளியே காத்திருங்கள், அல்லது உள்ளே போய்க் கடைசிப் பெஞ்சில் உட்காருங்கள். நடுவில் எழுந்து சுற்றிப் பார்க்கக்கூடாது.

சாவி உள்ளங்கை நீளத்துக்கு மேல் இருக்கும், கனமான இரும்பு. அநேகமாக அவரே உடன் வருவார். கையில் கொடுத்துவிட்டால், போகும்போது இரண்டு சுற்றுப் பூட்டி, கதவைத் தள்ளிப் பார்த்து, அதே வீட்டில் அதே ஆளிடம் கொடுங்கள். வேலியில் மாட்டிவிட்டு வராதீர்கள். உண்டியலில் 20 லேய் போடுங்கள், பார்வையாளர் நோட்டில் தமிழில் ஒரு வரியும் ஊர்ப்பெயரும் எழுதுங்கள்.